டச்சு வரலாற்றுப் பதக்கம் சேர்க்கத் தொடங்குபவருக்கு

கேட்கப்பட்டது இது: நாணயம் சேர்த்துப் பழக்கம் உண்டு, இப்போது நெதர்லாந்தின் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையான வரலாற்றுப் பதக்கங்கள் பக்கம் மனம் போகிறது, எதை முதலில் வாங்குவது, எந்தப் புத்தகம் வேண்டும், போலியில் மாட்டாமல் இருப்பது எப்படி, எவ்வளவு பணம் பிடிக்கும்?

நாணயம் சேர்ப்பவர்கள் பதக்கத்துக்கு வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்து அதனாலேயே ஏமாறுகிறார்கள். நாணயத்துக்கு அரசு நிர்ணயித்த எடை உண்டு, மாற்று உண்டு, அதாவது உலோகத்தின் தூய்மை அளவு. எடை சரியாக வந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பதக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே அச்சில் அடித்த இரண்டு வெள்ளிப் பதக்கங்களின் எடையில் பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம் இருப்பது சகஜம். தகட்டின் கனம் மாறினால் எடையும் மாறும், அவ்வளவுதான். ஆகவே ஒரு பதக்கத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த முறையில் செய்யப்பட்டது என்பதுதான். அச்சடித்ததா? வார்த்ததா? அல்லது இரண்டு மெல்லிய தகடுகளை விளிம்பில் இணைத்த உள்ளீடற்ற பதக்கமா? இதற்கு விடை தெரிந்த பிறகுதான் அசலா போலியா, என்ன விலை தகும், எப்படிப் பாதுகாப்பது என்பதற்கெல்லாம் விடை கிடைக்கும்.

முதலில் இந்தப் பதக்கங்கள் ஏன் இவ்வளவு ஏராளமாக இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். டச்சுக் குடியரசில் பதக்கம் என்பது உலோகத்தில் வந்த செய்தி. மாநில அவைகளும் நகர மன்றங்களும் ஆணையிட்டுச் செய்வித்தது ஒரு பக்கம். பதக்கக் கலைஞர்கள் தாங்களே முதல் போட்டு, ஒரு போரோ சமாதானமோ முடிந்த கையோடு அச்சு வெட்டி, கடையில் விற்றது இன்னொரு பக்கம். கேலியும் அரசியல் தாக்குதலும் அதில் தாராளமாக இருக்கும். 1667இல் இங்கிலாந்தோடு நடந்த போரை முடித்த பிரேடா சமாதானத்துக்காகக் கிறிஸ்டோஃபல் அடால்ஃபி செய்த பதக்கத்தில், ஒரு பெண் உருவம் தரையில் கிடக்கும் பகையை மிதித்து நிற்கிறது. பின்னால் கப்பல்கள் எரிகின்றன. அடியில் "கொடிய விலங்கே, இந்த நாடுகளை விட்டு விலகிப் போ" என்ற பொருளில் லத்தீன் வாசகம். மிதிபடும் முகத்தில் தன் சாயல் இருப்பதாக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஆத்திரம். 1672இல் இங்கிலாந்து டச்சுக்காரர்கள்மீது போர் அறிவித்தபோது, பிரகடனத்தில் எழுதப்பட்ட குறைகளில் அவமதிக்கும் ஓவியங்களோடு "பொய்யான வரலாற்றுப் பதக்கங்கள்" என்பதும் ஒன்று. ஒரு பதக்கத்துக்கு அவ்வளவு வலு இருந்த காலம் அது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு ருசியும் இருக்கிறது.

தொடங்குவதற்கு நான் சொல்வது செப்புக் கணக்குக் காசுகள். டச்சில் ரேகன்பென்னிங் என்பார்கள். கோடு போட்ட பலகையில் காசுகளை நகர்த்திக் கணக்குப் போட்ட காலத்தில், கணக்கு அலுவலகங்களுக்காக அடித்தவை இவை. சுமார் 30 மில்லிமீட்டர் விட்டம், நாலைந்து கிராம் முதல் ஆறேழு கிராம் வரை. தினசரி உபயோகத்துக்குச் செம்பு. அதிகாரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க அதே அச்சில் வெள்ளி. ஸ்பெயினுக்கு எதிரான நீண்ட போர்க்காலத்தில் கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் செய்தியைத் தாங்கி இவை வந்தன. அச்சடித்தவை, எண்ணிக்கையில் அதிகம், விலை குறைவு. சாதாரண வகைகளைப் போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1588ஆம் ஆண்டின் ஜீலந்து மாநிலக் காசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஜீலந்தின் சின்னம், சுற்றிலும் "கடவுளுக்கே மகிமை" என்று லத்தீனில். மறுபக்கம் ஸ்பெயினின் ஆர்மடாக் கப்பற்படை, "வெனிட், ஈவிட், ஃபூயிட்" என்ற மூன்று சொற்கள்: வந்தது, போனது, இல்லாமல் போனது. "வந்தேன், கண்டேன், வென்றேன்" என்ற சீசரின் பேச்சைத் தலைகீழாக்கிய கிண்டல். உள்ளங்கையில் பாதிகூட மறைக்காத ஒரு செப்புத் துண்டில் இவ்வளவும் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் செங்குத்தாக எழும்பி நிற்பதும், விளிம்புக்கருகே உலோகம் வெளிப்புறமாக இழுபட்ட மெல்லிய கோடுகளும் தெரியும். சம்மட்டி விழுந்த வேகத்தில் உலோகம் ஓடிய தடம் அது. அச்சடித்த பொருளின் கையெழுத்து என்று சொல்லலாம். இதைப் பத்துக் காசுகளில் பார்த்துப் பழகிய கண், வார்த்த பொருளைப் பார்த்ததும் தானாகவே நின்றுவிடும்.

படிப்பதில் புதியவர்களைத் தடுமாற வைப்பது ஆண்டுக்கணக்கு. டச்சுப் பதக்கங்களில் ரோமன் எண்களை நாம் பள்ளியில் படித்தபடி எழுதுவது குறைவு. ஐ எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு சி, வலப்பக்கம் திருப்பிப் போட்ட ஒரு சி வந்தால் 1000. ஐயும் அதன் வலப்பக்கத்தில் திருப்பிய சியும் மட்டும் வந்தால் 500. இவற்றுக்குப் பின் ஒரு நேரான சி 100. மூன்றும் சேர்ந்தால் 1600. தொடர்ந்து எக்ஸ், ஐ, எக்ஸ் இருந்தால் 1619, அதாவது டோர்ட்ரெக்ட் திருச்சபைப் பேரவை முடிந்த ஆண்டு. இன்னொரு வழக்கம், வாசகத்தில் சில எழுத்துகளை மட்டும் உயரமாக வெட்டுவது. அது அச்சு வெட்டியவரின் பிழை இல்லை. உயரமான எழுத்துகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் ரோமன் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வரும். கூட்டுத்தொகை வரலாற்றோடு பொருந்தாவிட்டால் ஓர் எழுத்தை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நாட்காட்டிச் சிக்கலும் உண்டு. ஹாலந்தும் ஜீலந்தும் 1582-83 வாக்கிலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டன. இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் இடைவெளி. இரண்டாம் சார்லஸ் நாடு திரும்ப டச்சுக் கடற்கரை ஊரான ஸ்கெவெனிங்கனில் கப்பலேறிய நாள் ஆங்கிலப் புத்தகத்தில் 1660 மே 23. டச்சுப் பதக்கத்தில் ஜூன் 2. மேலே சொன்ன பிரேடா பதக்கத்தில் இருக்கும் ஜூன் 22 என்பது, டச்சுக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து தாக்கிய நாள். ஆங்கிலக் கணக்கில் அது ஜூன் 12. தேதி ஒத்துப்போகவில்லை என்று பதக்கத்தைப் போலி என ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்போது செய்முறைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

அச்சடித்தவற்றில் சரிபார்க்க வேண்டியது, எழுத்துகளின் கூர்மை, தரைப்பரப்பின் (உருவத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வெற்றுப் பரப்பின்) இறுக்கம், அச்சு விரிசலின் தடம். அச்சில் விரிசல் விழுந்தால் பதக்கத்தில் அது மேடான மெல்லிய கோடாக வரும். அது நல்ல அடையாளம், பயப்பட வேண்டாம். மேடுகள் உயரமாக உள்ள பெரிய பதக்கத்தை ஒரே அடியில் எடுக்க முடியாது. அடித்து, தணலில் காய்ச்சி மிருதுவாக்கி, மறுபடி அதே இடத்தில் பொருத்தி அடிப்பார்கள். பொருத்தம் இம்மியளவு விலகினால் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். அதுவும் அசலுக்குரிய குறைதான்.

வார்ப்பு என்றாலே போலி என்று நினைப்பது பெரிய தவறு. 1566இல் யாக் யாங்கெலிங்க் செய்த பிச்சைக்காரர் பதக்கம், அதாவது கோய்சன்பென்னிங், வார்ப்புதான். ஒரு பக்கம் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் உருவம். மறுபக்கம் பிச்சைப் பையோடு சேர்ந்த இரண்டு கோத்த கைகள். "அரசருக்கு எல்லாவற்றிலும் விசுவாசமாக, பிச்சைப் பை சுமக்கும் வரை" என்று பிரெஞ்சில் வாசகம். எதிர்ப்பில் இறங்கிய பிரபுக்களைப் பிச்சைக்காரர்கள் என்று இகழ, அந்தப் பெயரையே அவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். புகழ்பெற்ற பதக்கம் என்பதால் பிற்கால வார்ப்புகளும் நிறைய. ஆகவே கேட்க வேண்டியது, இது முதல் வார்ப்பா, அல்லது ஒரு பதக்கத்தைப் பதித்து எடுத்த அச்சில் மறுபடி வார்த்ததா என்பது.

மறுவார்ப்பைக் காட்டிக்கொடுப்பது அளவு. உருகிய வெள்ளியோ வெண்கலமோ ஆறும்போது 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும். அசல் 60 மில்லிமீட்டர் என்றால் அதிலிருந்து எடுத்த மறுவார்ப்பு 59 மில்லிமீட்டர் பக்கத்தில் நிற்கும். விளிம்பை அரத்தால் ராவியிருக்கலாம் என்பதால் மொத்த விட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். உருவத்தின் மூக்கு நுனியிலிருந்து பின்னந்தலை வரை, அல்லது எதிரெதிரே உள்ள இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அருங்காட்சியகப் பிரதியின் அளவுகோல் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்தது தரைப்பரப்பு: ஊசி குத்தினாற்போல் சிறு குழிகள், எழுத்துகளின் அடிவாரத்தில் வழுவழுப்பான வளைவு, ஆடையின் மடிப்பிலும் தலைமுடியிலும் விவரம் கரைந்துபோயிருப்பது. அசல் வார்ப்பில் கலைஞர் உளியால் முடியிழைகளைத் திரும்பத் தீட்டியிருப்பார். மறுவார்ப்பில் அந்தத் தீட்டலே மங்கலாகப் பதிந்திருக்கும். இன்னொரு தந்திரமும் சொல்லிவிடுகிறேன். ஏலப் படங்களில் ஒரே பதக்கத்தின் இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், இரண்டில் ஒன்றாவது நகல். அச்சு விரிசல் இரண்டிலும் வரலாம். தற்செயலாக விழுந்த கீறல் வராது.

மூன்றாவது வகைதான் டச்சுக்காரர்களின் தனிச்சிறப்பு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் வான் ஆபேலே, வௌட்டர் முல்லர் போன்றவர்கள் செய்த பெரிய வெள்ளிப் பதக்கங்கள் அவை. இரண்டு பக்கங்களையும் தனித்தனி மெல்லிய தகடுகளாகச் செய்து, உளியால் நுணுக்கமாகத் தீட்டி, ஒரு விளிம்பு வளையத்தால் இணைத்தார்கள். உள்ளே வெறும் காற்று. முல்லரின் பெயரில் 1653இல் இறந்த கடற்படைத் தளபதி மார்ட்டன் டிராம்ப், 1666 ஆண்டுக்குரிய மிகீல் டி ராய்டர் பதக்கங்கள் இருக்கின்றன. வான் ஆபேலேயின் 1660 சார்லஸ் பதக்கம் சுமார் 70 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கம் மன்னரின் முகம், மறுபக்கம் பாய் விரித்த கப்பல்கள், மேலே எக்காளம் ஊதிப் பறக்கும் புகழ்தேவதை. அளவைப் பார்த்துக் கனமாக இருக்கும் என்று எடுத்தால் கை ஏமாந்துபோகும். அந்த லேசான உணர்வுதான் சரி. கனமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: அது முழுதாக வார்த்த நகல், அல்லது நசுங்கியதை நிமிர்த்தி உள்ளே ஈயம் ஊற்றிய பதக்கம்.

இந்த வகையில் கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான். மூக்கு நுனி, கன்னம், தோள் போன்ற மேடான இடங்களில் தகடு மிக மெல்லியது. தலைமுறை தலைமுறையாகத் துலக்கித் துலக்கி அங்கே ஓட்டை விழும். விளிம்பு இணைப்பு விட்டுப்போகும். பழுது பார்த்தவர் வெள்ளிப் பற்றுக்குப் பதில் ஈயப் பற்று வைத்திருந்தால் சாம்பல் நிறக் கறை தெரியும். ஈயப் பற்று பட்ட இடத்தை மறுபடி சூடாக்கினால் அது வெள்ளியை அரித்துவிடும் என்பதால் பிற்பாடு சரிசெய்வதும் கடினம். வாங்குமுன் விளிம்பின் முழுச் சுற்றுக்கும் படம் கேளுங்கள். முன், பின் படங்கள் மட்டும் போதாது.

திடமான வெள்ளிப் பதக்கத்துக்கு அடர்த்திச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் காட்டும் தராசு, ஒரு கண்ணாடி டம்ளர், தையல் நூல் போதும். பதக்கத்தை முதலில் சாதாரணமாக நிறுத்துங்கள், 32.40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு காய்ச்சி வடித்த நீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி நீரில் முழுதாக முக்கிப் பிடியுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது பதக்கத்தின் கன அளவு. 3.13 என்று வந்தால் 32.40ஐ 3.13ஆல் வகுக்க 10.35. தூய வெள்ளி 10.49, உயர்மாற்று வெள்ளி 10.3 பக்கம், எனவே இது பொருந்துகிறது. செம்பின்மேல் வெள்ளி முலாம் என்றால் 3.64 போல வந்து, அடர்த்தி 8.9இல் நிற்கும். வெள்ளீயம் 7.3, ஈயம் 11.3. செப்பு ஓட்டுக்குள் ஈயம் வைத்தால் இரண்டும் கலந்து வெள்ளிக்கு அருகே வர வாய்ப்பு உண்டு என்பதால் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். உள்ளீடற்ற பதக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீரில் முக்காதீர்கள். இணைப்பின் இடுக்கு வழியாக உள்ளே போன நீர் வெளியே வராது. உள்ளிருந்தே கறுத்து அரிக்கும்.

அந்த ஈயம் நிரப்பிய ஓடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் மின்பகுப்பு முறையில் எடுத்த நகல்கள். அருங்காட்சியகங்களிலும் ஆய்வாளர்களிடமும் படிப்புக்காக உலவியவை; ஏமாற்றும் நோக்கத்தில் செய்தவை அல்ல. ஆனால் நூறு வருடம் கழித்து அலமாரியிலிருந்து வெளியே வரும்போது பெயர்ச்சீட்டு போயிருக்கும். மேற்பரப்பு விவரம் அசலைப் போலவே அச்சு அசலாக இருக்கும் என்பதால் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. விளிம்பில் ஓடும் மெல்லிய இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். மரத்தட்டில் விரலால் சுண்டினால் வெள்ளியின் மணியோசைக்குப் பதில் மொத்தென்று கேட்கும்.

விளிம்பில் சிறு வாள் முத்திரை இருந்தால் அது நெதர்லாந்தில் 1814 முதல் சிறு வெள்ளிப் பொருள்களுக்கு இட்ட மாற்று முத்திரை. 1650 என்று ஆண்டு பொறித்த பதக்கத்தில் அது தெரிந்தால், பிற்காலத்தில் செய்ததா என்று உடனே விசாரிக்க வேண்டும். 12 மணி இடத்தில் விளிம்பு மட்டும் வழுவழுப்பாகவோ லேசாகப் பள்ளமாகவோ இருந்தால், கழுத்தில் மாட்டியிருந்த வளையத்தை யாரோ பிற்பாடு ராவி எடுத்திருக்கிறார்கள். ஓட்டையை அடைத்து எழுத்தைத் திரும்பச் செதுக்கியிருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் வட்டமாகத் தெரியும். வளையத்தோடே இருப்பது பல பதக்கங்களுக்குக் குறையே இல்லை, மாட்டிக்கொள்ளத்தான் கொடுத்தார்கள். வளையத்தை எடுத்துவிட்டு இல்லாதது போலக் காட்டுவதுதான் விலையைக் குறைக்க வேண்டிய காரணம்.

புத்தகம் என்றால் கெரார்ட் வான் லோன். லைடனில் 1683இல் பிறந்தவர். 1555 முதல் 1716 வரையான பதக்கங்களை நிகழ்ச்சி வரிசையில், செப்புத்தகட்டுப் படங்களோடு, 4 தொகுதிகளில் 1723 முதல் 1731 வரை வெளியிட்டார். 300 ஆண்டாகியும் ஏலப் பட்டியல்கள் இன்றும் அவர் பெயரின் சுருக்கம், தொகுதி, பக்கம், பக்கத்தில் எத்தனையாவது படம் என்றுதான் குறிப்பிடுகின்றன. வருடிய பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 5 தொகுதிகளில் வந்த பிரெஞ்சுப் பதிப்பும் உண்டு. அதன் பக்க எண்கள் வேறு. எண் பொருந்தாமல் மண்டையைக் குழப்பிக்கொள்பவர்களில் பாதிப்பேர் தவறான பதிப்பைத் திறந்து வைத்திருப்பவர்கள். வான் லோனின் படங்கள் செதுக்குநர் வரைந்தவை, புகைப்படம் அல்ல. முகச்சாயலை வைத்து அவற்றோடு ஒப்பிடாதீர்கள். வாசகத்தையும் அமைப்பையும் மட்டும் ஒப்பிடுங்கள். 1716க்குப் பின் 1806 வரை டச்சு அறிவியல் கழகம் வெளியிட்ட தொடர்ச்சி, 1813 முதல் 1863 வரை டிர்க்ஸ், 1864 முதல் 1898 வரை ஸ்விர்சினா. கணக்குக் காசுகளுக்கு டியூன்யோல்லின் 4 தொகுதிகள். இவ்வளவையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நல்ல படத்துக்கு ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்தின் இணையப் பட்டியல் போதும். பதக்கத்தின் அளவும் எடையும் பல பதிவுகளில் தரப்பட்டுள்ளன. ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போக வாய்த்தால் விடாதீர்கள். பதக்கங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அறை அங்கே உண்டு.

எதைச் சேர்ப்பது என்று ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். எல்லை இல்லாமல் ஆரம்பித்தால் மூன்றே வருடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத முப்பது பதக்கங்கள் சேரும். 1566 முதல் 1648 வரையான கணக்குக் காசுகள் ஒரு நல்ல எல்லை. இங்கிலாந்தோடு நடந்த கடற்போர்கள் அழகானவை, ஆனால் பணம் வேண்டும். மூன்றாம் வில்லியம் 1688இல் இங்கிலாந்துக்குப் போனது பற்றி யான் ஸ்மெல்ட்சிங், ரெக்னியர் அராண்டோ முதலியோர் ஏராளமாகச் செய்தார்கள். அங்கே தேர்வு அதிகம், கேலியும் அதிகம். 18ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் ஹோல்ட்சே, அவர் மகன் யோஹான் கியோர்க் ஹோல்ட்சே ஆகிய இருவரின் வேலை மட்டுமே ஒரு தொகுப்புக்குப் போதும். அச்சடித்தவை, வாசகம் தெளிவு, தொடங்குபவருக்குக் கணக்குக் காசுக்கு அடுத்த படி இதுதான் என்பேன். ஆனால் மகன் செய்த 1782 பதக்கங்கள், அமெரிக்காவின் சுதந்திரத்தை ஏப்ரல் 19 அன்று டச்சுக்காரர்கள் அங்கீகரித்ததையும் அக்டோபர் வணிக ஒப்பந்தத்தையும் பற்றியவை, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவதால் விலையில் மற்றவற்றைவிட எங்கேயோ நிற்கும். திருமணம், வெள்ளிவிழா, கில்டு (தொழிற்குழு) உறுப்பினர் போன்ற கையால் பெயர் செதுக்கிய பதக்கங்களை முதல் சில ஆண்டுகள் தொட வேண்டாம். வெறும் வட்டத் தகடு கிடைத்தால் யாரும் இன்றைக்கும் செதுக்கலாம்.

விலை: நிலைமையைப் பொறுத்து மாறும். ஆனாலும் சாதாரணச் செப்புக் கணக்குக் காசு 20 முதல் 60 யூரோ, ஹோல்ட்சே காலத்துப் பொதுவான வெள்ளிப் பதக்கம் 100 முதல் 300 யூரோ, உள்ளீடற்ற பெரியவை பல நூறிலிருந்து ஆயிரங்கள் வரை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டு வெண்கலம் 10, 20 யூரோவுக்கே கிடைக்கும். ஏலத்தில் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் 20 சதவீதமோ அதற்கு மேலோ சேரும். பிறகு அஞ்சல், காப்பீடு, உங்கள் நாட்டுச் சுங்கம். மொத்தம் 200 யூரோ வரை கொடுக்கத் தயார் என்றால் ஏலத்தில் கேட்க வேண்டியது 150தான்.

டச்சுப் பட்டியலின் சில சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். கெஸ்லாகன் என்றால் அச்சடித்தது, கெகோட்டன் வார்த்தது, நாஸ்லாக் பிற்கால மறு அச்சு, அஃப்கீட்செல் மறுவார்ப்பு, ஃபெர்குல்ட் பொன்முலாம். நிலைமைக்கு "பிராக்டிக்" என்பது மிக நல்லது, "ஸேர் ஃபிராய்" அதற்கு ஒரு படி கீழே, "ஃபிராய்" இன்னும் கீழே. அகராதியில் ஃபிராய் என்றால் அழகானது என்றிருக்கும். பட்டியலில் அது நன்றாகத் தேய்ந்தது.

வந்து சேர்ந்த பதக்கத்தைத் துலக்கக் கூடாது. நம் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைப் புளியும் விபூதியும் போட்டுத் துலக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் விபூதி நுண்ணிய மணலைப் போல மேற்பரப்பை ராவிவிடும், புளி செம்பின் பழுப்பு நிறத்தை ஒரே நிமிடத்தில் உரித்துவிடும். உரிந்த நிறம் திரும்பாது, விலையில் பாதியும் திரும்பாது. பிசுபிசுப்பான பச்சைப் படலம் இருந்தால் அது பழைய பிவிசி உறையின் வேலை. திடமான வெள்ளி, செம்புப் பதக்கங்களைத் தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து எடுத்து, தேய்க்காமல் காயவிட்டால் போகும்; காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல். வைப்பதற்கு அமிலமற்ற காகித உறை அல்லது பாலியெஸ்டர் உறை. ஈயம், வெள்ளீயப் பதக்கங்களைத் தேக்கோ ஓக்கோ எந்த மரப்பெட்டியிலும் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். கடலோர ஊரில் இருப்பவர்கள் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40 சதவீதம் பக்கத்தில் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றினால் போதும். ரப்பர் பேண்டும் பழைய செய்தித்தாளும் வெள்ளிக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

நாகப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இருந்த கரைகளில் கம்பெனி முத்திரை போட்ட செப்புக் காசுகள் இன்றும் வெளிவருகின்றன. அவை டியூட் போன்ற நாணயங்கள். பதக்கமோ கணக்குக் காசோ அல்ல. "டச்சு மெடல்" என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். இலங்கையில் டச்சு ஆளுநர்கள் உள்ளூர்த் தலைவர்களான முதலியார்களுக்குத் தங்கச் சங்கிலியும் பதக்கமும் கொடுத்தது உண்மை. ஆனால் அவை கையால் செதுக்கியவை, மிகச் சிலவே. குடும்ப வழி ஆவணம் இல்லாமல் சந்தையில் வருவதை நம்ப வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் கலைவேலைப்பாடும் தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆம்ஸ்டர்டாமில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்த பதக்கத்தை மறுபடி ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஓர் அட்டை எழுதுங்கள், வந்த அன்றைக்கே. விட்டம் 0.1 மில்லிமீட்டர் வரை, எடை 0.01 கிராம் வரை, உலோகம், அச்சா வார்ப்பா உள்ளீடற்றதா, முன்பக்கத்துக்கு நேராகப் பின்பக்கம் நிமிர்ந்திருக்கிறதா தலைகீழா, முழு வாசகம் எழுத்துக்கு எழுத்து, வான் லோன் எண் எந்தப் பதிப்பின்படி, எங்கே எப்போது என்ன விலைக்கு. பழைய சேகரிப்பாளர் வைத்த வட்டமான காகிதச் சீட்டு அடியில் இருந்தால், அழுக்காக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதன் கையெழுத்தை வைத்து அந்தப் பதக்கம் இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று பிற்பாடு கண்டுபிடித்துவிடலாம்; சீட்டைத் தனி உறையில் போட்டு அட்டையோடு சேர்த்து வையுங்கள்.